முற்றிய கதிருக்குத் தண்ணீர்

மன்னார்குடிச் சாலையில் பேருந்து பழுதாகி நின்ற இடம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த மூட்டைகள் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளைவிட்டிருந்தன. அந்த வாடையை நீங்களும் அறிந்திருக்கக்கூடும்: புளித்த கஞ்சியும் ஈர வைக்கோலும் கலந்த ஒன்று. பக்கத்து இருக்கை இளைஞர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் இப்படி நாறுது?" என்றார். எனக்குச் சேகரனின் நினைவு வந்துவிட்டது. அவன் நினைவு வந்தால் என்னால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. இறங்கிச் சாலையோரம் நடக்கலானேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் சேகரனும் நானும் ஓரறையில் இருந்தோம். அவ்வாண்டு விழாவுக்கு ஓர் ஆங்கிலத் துன்பியல் நாடகத்தைத் தமிழில் ஆடுவதென்று முடிவாயிற்று. தந்தையைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்க வேண்டிய இளவரசன், துணிவும் ஐயமும் ஒன்றையொன்று தின்ன, பித்தனைப்போல் நடித்துக் காலங்கடத்தும் கதை. கட்சி மேடைகளின் அடுக்குமொழி நாட்டையே ஆண்டுகொண்டிருந்த காலம்; எங்கள் இளவரசனும் எதுகை தவறாமலேதான் பித்தேறினான். சேகரன் இளவரசன். நான் அவனுடைய தோழன். "ஆம் இளவரசே" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. அதையும் ஒத்திகையில் அவன் வாய் திறக்குமுன்பே சொல்லித் தொலைத்த பெருமை எனக்குண்டு.

ஒத்திகை தொடங்குமுன்பே, ஆடி மாதத்தில், சேகரனின் ஊரில் ஒரு கொலை நடந்திருந்தது. உழுதுண்ணும் குத்தகைக்காரனை வெளியேற்றலாகாது என்று புதிய சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. நிலமுடையோர் அது நடைமுறைக்கு வருமுன்பே வெளியேற்றிவிட விரைந்துகொண்டிருந்தனர். சாமிக்கண்ணு என்ற குத்தகைக்காரர் ஏரைப் பூட்டியபோது, நிலத்துக்காரர் வரப்பில் நின்று "அடிங்கடா" என்றார். அவருடைய ஆட்கள் அடித்தார்கள். சாமிக்கண்ணு அங்கேயே இறந்தார். விடுமுறைக்குப் போயிருந்த சேகரன் அதைக் கண்டான், கேட்டான். நிலத்துக்காரர் அவனுடைய தாய்மாமன். தந்தையில்லாத அவனைப் படிக்கவைத்ததும், அவன் தாய்க்குச் சோறு போட்டதும் அந்த மாமன்தான்.

காவலரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. "கோர்ட்ல சொன்னா அம்மா தெருவுல நிக்கும்டா. சொல்லலைன்னா அந்த அஞ்சலை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்பான். அஞ்சலை, சாமிக்கண்ணுவின் மனைவி. வசனத்தாளை மடித்துக் கிழித்து, ஒட்டி, மறுபடி கிழிப்பான்.

பொங்கலுக்கு ஊர் போனவன் திரும்பவில்லை. சேகரனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற செய்திதான் வந்தது. நான் ஓடினேன். கொல்லைப்புறத்தில் என்னைத் தனியே கண்டதும் கண்ணடித்தான். "பைத்தியத்தை யாரும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

முதலில் சட்டையைக் கிழித்துக்கொண்டானாம், சிரித்தானாம், அடுக்குமொழியில் அலறினானாம். ஊர் மசியவில்லை. "காலேஜ் கூத்தை இங்க வந்து ஆடுது" என்று அவன் தாயே அதட்டியிருக்கிறார். மேடைக்குப் போதுமான பித்து, களத்துமேட்டுக்குப் போதவில்லை. பிறகுதான் அவனுக்குச் சரியான வழி பிடிபட்டது. சாமிக்கண்ணு இறந்த அதே வயலில் மாமன் நட்டிருந்த சம்பா கதிர் முற்றி, தலை சாய்ந்து, அறுவடைக்காகக் காயவிடப்பட்டிருந்தது. பட்டப்பகலில் மடையைத் திறந்து அதில் தண்ணீரைப் பாய்ச்சினான். சாய்ந்த கதிரெல்லாம் நீரில் ஊறி, இரண்டொரு நாளில் தாளிலேயே முளைவிட்டது. சேற்றில் நின்று அவன் கைதட்டினானாம். அப்புறம் ஒருவருக்கும் ஐயமில்லை. வெறிபிடித்த மாடுகூட விளைந்த நெல்லைத் தின்னுமேயன்றி அதற்குத் தண்ணீர் வைக்காது.

"நடிப்பா, பழியா?" என்று கேட்டேன்.

"திறக்கறப்ப நடிப்புதான். தண்ணி உள்ள போகப் போக..."

மாமன் செலவிலேயே அவனைக் கடலோரத் தர்கா ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். தலையை மழித்து, கையில் கயிறு கட்டியிருந்தார்கள். நான் பார்க்கப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, அஞ்சலையும் வந்தார். அவன் வாயைக் கோணிக் காட்டினான். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இந்த வித்தை தெரியல தம்பி. தெரிஞ்சிருந்தா உசுரோட இருந்திருப்பாரு."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சேகரன் நெடுநேரம் கோணிய வாயை நேராக்க மறந்து உட்கார்ந்திருந்தான். பிறகு கைக்கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான்.

வைகாசியில் வழக்கு வந்தது. முழங்கை தேய்ந்த என் சட்டையொன்றை உடுத்திக்கொண்டு, தானே முன்வந்து சாட்சிக் கூண்டேறினான். கண்டதைச் சொன்னான், கேட்டதைச் சொன்னான்; ஒரு சொல் தடுமாறவில்லை, ஓர் எதுகையும் இல்லை. அவன் பேசியதிலேயே தூய உரைநடை அதுதான். மாமனின் வழக்கறிஞர் மெல்ல எழுந்தார்.

"தம்பி, கதிர் சாஞ்ச வயலுக்கு யாராச்சும் தண்ணி வைப்பாங்களா?"

"வைக்க மாட்டாங்க."

"நீங்க வெச்சீங்க."

"வெச்சேன். அது நடிப்பு, ஐயா."

"இப்ப நடிக்கலையே?"

மன்றமே சிரித்தது. சேவகர் சிரித்தார், எழுத்தர் சிரித்தார், வழக்குக் காண வந்த குடியானவர்கள் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். அனைவரும் நெல் அறிந்தவர்கள். சிரிக்காதவர் அஞ்சலை ஒருவர்தான். மாமன் விடுதலையானார். நிலம் அவரிடமே நின்றது.

சேகரனை அவர் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. அதுதான் கொடுமை. பித்துப்பிடித்த மருமகனுக்கு வேளைக்குச் சோறு வந்தது; அவன் என்ன சொன்னாலும் ஊர் கனிவோடு தலையாட்டியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வேதாரண்யம் பேருந்தில் ஏறினான். அங்கே உப்பளத்தில் அவனைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். நான் போய்த் தேடினேன். வெண்மையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. நாடகத்தை அவ்வாண்டு ஆடவே இல்லை.

அந்த வயல் இன்று கல்நட்ட மனைகள். மடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கோபுரம் நிற்கிறது. அஞ்சலையும் காலமாகிவிட்டார்.

பேருந்து இன்னும் புறப்படவில்லை. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்த இளைஞர், கடைசியில் உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: "ஏன் சார், நெல்லுக்குத் தண்ணி விட்டதுல என்ன தப்பு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அந்த மன்றத்தில் இவரைப்போல் நெல் அறியாத ஒருவராவது உட்கார்ந்திருக்கக் கூடாதா?