அத்தை இழைத்த தகடு

என் அத்தை பெங்களூரில் தேய்க்கிற வேலை பார்க்கிறாள் என்றுதான் கீழப்பழுவூரில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அது பொய்யும் இல்லை. பெரம்பலூரில் டிப்ளமோ முடித்த அத்தை, விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தாள். பேட்டரி இல்லாமல், சாவி கொடுத்தால் ஓடுகிற கடிகாரங்கள். உள்ளே சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் தகடுகளின் விளிம்பைச் சாய்வாக இழைத்து, மரக்குச்சியில் பசை தடவிக் கையாலேயே மெருகேற்றுவது அவள் வேலை. அப்படி ஒரு கடிகாரத்தின் விலைக்கு டிராக்டரே வாங்கலாம் என்பார் அப்பா. அவருடைய அண்ணனான பெரியப்பா மட்டும் நம்பமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அத்தை லீவில் வந்திருந்தபோது, அரியலூரில் ஒரு ஆபீஸ் வேலைக்கான விண்ணப்பத்தோடு பெரியப்பா வந்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். அத்தை கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"இத்துனூண்டு தகட்டைத் தேய்க்க மூணு நாளா? மெஷின்ல குடுத்தா அஞ்சு நிமிஷம். அதையும் உள்ள வச்சு மூடிடப் போறீங்க. எவன் பாக்கப்போறான்?"

அத்தை சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பட்டறையில் கழித்துப்போட்ட இரண்டு தகடுகளைத் தாளில் வைத்தாள். ஒன்று மெஷின் இழைத்தது, மற்றது அவள் இழைத்தது. அவளுடையதன் அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி.

"ரெண்டும் ஒண்ணாண்ணே?"

"ஒண்ணுதான்."

"அப்ப பாப்பாகிட்ட குடுப்போம். என்னுது எதுன்னு அது சொல்லிட்டா, நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். சொல்லலைன்னா கையெழுத்துப் போடுறேன்."

பாப்பா என்றது என்னைத்தான். நான் அதுவரை அந்தத் தகடுகளைப் பார்த்ததுகூட இல்லை. அத்தை கண்ணில் பொருத்தும் குட்டி லென்ஸைக் கொடுத்து, "நீ பாரு, போதும்" என்றாள்.

முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு சாம்பல் மூட்டம். வாசல் வெளிச்சத்துக்குப் போய், அடிப்பக்கம் தெரியாமல் தாளோடு தகட்டைத் திருப்பினேன். சட்டென்று விளிம்பு முழுவதும் வெள்ளி வரப்பாக மின்னியது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அதே விளிம்பு மைபோல் கறுத்தது. உள்மூலையில் இரண்டு வரப்புகளும் ஊசிமுனையாய் வந்து கூடியிருந்தன. அடுத்த தகட்டில் விளிம்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் மங்கலாகவே இருந்தது.

"இதுதான் அத்தையோடது!"

பெரியப்பா புரட்டிப் பார்த்தார். சிவப்புப் புள்ளி.

"ஏதோ வாய்ல வந்ததைச் சொல்லிருச்சு" என்று தகடுகளை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி மறுபடி வைத்தார். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை, முற்றத்துக்குப் போய்க் குலுக்கிக்கொண்டு வந்தார். அப்போதும் சொன்னேன். அப்பா கைதட்டினார். நான் வீடே அதிரக் குதித்தேன். அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

"எப்புடிடி கண்டுபுடிச்ச?" என்றார் பெரியப்பா.

"இது மூலை வரைக்கும் கூராப் போயிருக்கு பெரியப்பா. அது மூலைக்குப் போகாமலே வளைஞ்சு திரும்பிடுச்சு."

அவர் லென்ஸை வாங்கி வலது கண்ணில் வைத்து, அத்தையின் தகட்டை வெயிலில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். "ஆமாம்மா... நல்லாத் தெரியுது. மெஷினுக்கு இது வராது" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்ஸு? நானே வந்து ஏத்தி வுடுறேன்."

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சில்லு தெறித்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவசரத்தில் கண்ணை மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்து, "அந்தக் கண்ணுல வச்சுப் பாருங்க பெரியப்பா" என்று இடது பக்கத்தைக் காட்டினேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஜெயித்த பிள்ளையைப் போய் ஏன் கிள்ளுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.