இரண்டு கார்டா, இரட்டைச் சிப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினத்தில், ஒரு நல்ல வீட்டில், நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நான் சைவம் என்பதற்காகத் தனிப் பாத்திரம் வாங்கி, தனியாகச் சமைத்திருந்தார்கள். அதுதான் உறுத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? யோசனை சொன்னேன்... அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் வாங்கி நான் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் நாலு வாரம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். முழுக்க முழுக்க என் அசட்டுத்தனத்தைப் பற்றித்தான் எழுதினேன். படித்தவர்கள் எந்த முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற முடிவுக்கு! பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால்கூட யாராவது வந்து, மானிட்டர் நடுங்குகிறது என்று நிறுத்துகிறார்கள். நான் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். மானிட்டர் ஏன் நடுங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும், பின்னால் இருக்கிற கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் என்று சொல்லி வைப்பேன். பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா... எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

காயல்பட்டினத்துச் செய்யது என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவன். இப்போது வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர். அவனுடைய ஒரே மகள் ஆமினா. வீட்டுக்குள் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பிளான் போடுவாள். அவள் வரைந்து அவன் கட்டிய வீடுகள் அந்த ஊரில் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். ஆனால் காகிதத்தில் பெயர் மட்டும் வாப்பாவின் பெயர்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். செய்யது இருக்கிற வீடு அவன் மனைவிக்கு அவள் உம்மா கொடுத்தது. அதே வீடு இப்போது ஆமினாவின் பெயரில் எழுதப்பட்டாகிவிட்டது. ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அறை, நான் போனால் உட்காருகிற நாற்காலி, எல்லாம் அவளுடையது. இந்த வழக்கம் எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

சவூதியில் இருக்கிற அதே ஊர்க்காரர் ஒருவர் தன் மகளுக்கு வீடு கட்ட நினைத்தார். அடுத்த வருஷம் கல்யாணம். லீவில் வரும்போது பிளானை முடிவு செய்துவிட வேண்டும் என்றார். கூடவே ஓர் ஆசையும் சொன்னார். கட்டப்போகிற வீட்டுக்குள் வாசலிலிருந்து அடுக்களை வரை கம்ப்யூட்டர் திரையிலேயே நடந்து பார்க்க வேண்டுமாம். தூத்துக்குடியில் ஓர் ஆபீசில் அப்படிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஆமினாவும் காட்டிவிட்டால் வேலை அவளுக்கு. அவள் பெயர் போட்டே பிளான் வரட்டும் என்று செய்யதும் ஒத்துக்கொண்டான். முதல் தடவையாக.

வீட்டை அவள் வரைந்து முடித்துவிட்டாள். நடக்கத்தான் முடியவில்லை. அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்து வரலாம். திரையில் படம் வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு நல்லதாகப் போட வேண்டும் என்றாள். அவளுடைய மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், லீவில் வரும்போது வாங்கி வருகிறேன் என்றார். கடைக்குப் போய் விசாரித்துவிட்டு அவர் போன் செய்தபோதுதான் வந்தது வினை.

கடைக்காரன் இரண்டு விதம் காட்டியிருக்கிறான். ஒன்று, ஒரே மாதிரி இரண்டு கார்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் செருகி, நடுவில் ஒரு பட்டை ஒயரால் இணைப்பது. திரையில் தெரிகிற படத்தின் கோடுகளை இரண்டும் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று, ஒரே கார்டு. அதன்மேலேயே இரண்டு சிப். இந்தப் படம் நீ, அடுத்த படம் நான் என்று முறை வைத்து வரையும். இரண்டில் எது?

செய்யது எனக்கு போன் செய்தான். "எனக்கு இதுல ஒண்ணும் ஓடலை வே. நீரு பேப்பர்ல எழுதுற ஆளு. நீரு சொன்னா மாப்பிள்ளையும் கேப்பாரு."

எனக்கு மட்டும் என்ன ஓடியது? ஆனால் இப்படிக் கேட்ட பிறகு விடலாமா! இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். எங்கெங்கோ இரவல் வாங்கி கம்ப்யூட்டர் பத்திரிகைகளாகப் படித்தேன். எத்தனை வேகம், எத்தனை மெமரி, எவ்வளவு சூடு... ஒரு நோட்டில் நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது என்று எழுதினேன். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை. அப்புறம் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இடுப்பு கழன்ற நிலையில் காயல்பட்டினத்தில் இறங்கினேன்.

ஹாலில் வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். செய்யது கை கட்டிக் கேட்டான். இரண்டு கார்டு என்றால் இரண்டு இடத்தை அடைக்கும், இரண்டும் சூடாகும், ஒன்று படுத்தால் மற்றதும் வேலைக்கு ஆகாது. நம் ஊர்க் கரண்டுக்கும் உப்புக் காற்றுக்கும் எவ்வளவு குறைவான சாமான் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே இரட்டைச் சிப் வைத்த ஒற்றைக் கார்டு. தீர்ப்பு முடிந்தது.

உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஆமினா அவனைக் கூப்பிட்டாள். போய்க் கேட்டு வந்து என்னிடம் சொன்னான். வீட்டில் கேம் விளையாடுகிறவர்கள் வைத்திருக்கிற விண்டோஸ் வேறு, ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொள்கிற விண்டோஸ் வேறு. அவளுடைய பிளான் போடுகிற சாஃப்ட்வேர் இரண்டாவது வகையில்தான் ஓடும். அதில் இந்த இரண்டு சிப்பும் வேலை செய்யுமா?

நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய ஒரே கேள்வி. என் நோட்டில் அது இல்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் பேசியாகிவிட்டது. முன்னால் பலகாரத் தட்டு. செய்யதின் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. "எல்லாத்துலயும் ஓடும்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் திரைக்குப் பின்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவள் மறுபடி கூப்பிடவில்லை. அந்த வீட்டில் விருந்தாளி ஒரு பதில் சொன்னால் அதை இரண்டாம் தடவை கேட்பது மரியாதை இல்லை. அந்த வழக்கமும் எனக்குத் தெரியும். சொல்லும்போது அதன் தைரியத்தில்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளை வந்தார். கார்டும் வந்தது. பெட்டியே ஒரு பட்டுப்புடவைப் பெட்டி அளவுக்கு இருந்ததாம். போட்டுப் பார்த்தால்... இரண்டு சிப்பில் ஒன்றுதான் விழித்திருக்கிறது. மற்றது என்ன செய்தாலும் எழுந்திருக்கவில்லை. அந்த வகை விண்டோஸில் அது அப்படித்தானாம். திரையில் வீடு முன்னைக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் நாலடி நடக்கும், நிற்கும். சுவருக்குப் பதில் வெள்ளையாக ஏதோ தெரியும். மறுபடி இரண்டடி நடக்கும்.

இந்தச் சாப்பாட்டுக்கு முந்தின வாரம் சவூதிக்காரர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். திரையில் முன்வாசலைத் தாண்டுவதற்குள் அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு, பிளான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் தூத்துக்குடியில் வேலையைக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் செய்யது போனில் சொன்னான். ஒரு சொல்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. மாப்பிள்ளை திங்கட்கிழமை புறப்படுகிறார், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வாரும் என்றான். அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை, நல்ல கார்டுதான் மாமா, நம்ம நேரம் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஆமினா அவரிடம் போனில் சந்தேகம் சொன்னாளாம். பேப்பரில் எழுதுகிறவருக்குத் தெரியாததா என்று இவர்தான் கடைக்குப் போய் வாங்கிவிட்டாராம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவித் திரும்பினால் ஆமினா நிற்கிறாள். கையில் தடிமனான ஒரு புத்தகம். அவளுடைய சாஃப்ட்வேரோடு வந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். எந்தெந்தக் கார்டு போடலாம் என்று ஒரு பட்டியல். விளையாட்டுக்கு இல்லாமல் படம் வரைகிற வேலைக்கென்றே செய்த கார்டுகள். ஒற்றைச் சிப் வைத்த சாதாரணக் கார்டு ஒன்றுக்கு அடியில் பென்சில் கோடு போட்டிருந்தாள். என் நோட்டில் இருந்த இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

"மாமா, அன்னைக்குத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டுமே வேண்டாம்னு நான் இவங்கள்ட்ட சொல்லியிருப்பேன். ஓடும்னு நீங்க சொன்ன பொறவு, என் பேச்சை யாரு கேப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. பைய, காதில் விழுகிற அளவுக்குத்தான் சொன்னாள். தப்புதாம்மா என்றேன். புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. வீட்டுக்கு உடையவள், கம்ப்யூட்டருக்கு உடையவள், வேலை தெரிந்தவள், மூன்றும் அவள்தான். துபாய்க் கடைக்காரன் முதல் நான் வரைக்கும் அத்தனை ஆண்பிள்ளைகளும் கூடிப் பேசினோம். அவளிடம் உட்கார்ந்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

யோசனை சொல்வதை இத்தோடு விட்டுவிட்டேன். நிஜமாகவே அலுத்துவிட்டது.

முந்தாநாள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். வாஷிங் மெஷின் வாங்குகிறாராம். துணியை மேலே போடுகிற மாடல் நல்லதா, முன்னால் போடுகிற மாடல் நல்லதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. சரி, உங்கள் வீட்டில் துவைப்பது யார் என்று கேட்டேன். வீட்டுக்காரிதான் என்றார். அப்படியானால் அவர்களிடமே கேளுங்களேன் என்றேன்.

சிரித்தார். "அவளுக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்?"