கார்ன்பிளேக்கர் குடும்பத்தினருக்கு ஓர் அறிவித்தல்

எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப்பெயர்கள். அப்பாவுக்கு அவருடைய தகப்பனின் பெயர், அம்மாவுக்கு அவருடைய தகப்பனின் பெயர், எனக்கு என்னுடைய தகப்பனின் பெயர். யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியின் வுப்பர்டாலிலோ நகரசபைப் பெண்மணி ஒருவருக்கு நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நம்பிக்கை வர ஒரு காலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்திலிருந்த சின்னத் தகட்டில் மூன்றையும் எழுத இடமில்லாமல் அப்பா தன்னுடையதை மட்டும் எழுதிவைத்தார். அம்மாவின் கடிதங்கள் பாதி திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

எங்களுக்கு மேல் மாடியின் தகட்டில் ஒரே பெயர்தான்: கார்ன்பிளேக்கர். எழுபது வயது கடந்த ஜெர்மன் பெண்மணி, தனி ஆள், கல்யாணம் கட்டாதவர். அந்தப் பெயரை உச்சரிக்க வராமல் அம்மா அவரை 'மேல்வீட்டு அம்மா' ஆக்கிவிட்டார். நூல் வெளுப்பவர் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். முன்னொரு காலத்தில் வுப்பர் ஆற்றங்கரைப் புல்லில் நூலைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுக்க வைத்த ஆட்கள் இருந்தார்களாம். அவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே இந்தப் பெயரில் யாரும் கிடையாது என்று மேல்வீட்டு அம்மா சொல்லுவார், ஏதோ தானே நெய்து வைத்திருப்பது போன்ற பெருமையோடு. தாத்தாவின் தம்பி ஒருவர் மட்டும் நூல் வியாபாரத்துக்காக இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவருக்கு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோவார். அவர் கோப்பி போட்டுத் தருவார். இருவருக்கும் சேர்த்து ஒரு ஆளின் ஜெர்மன்கூட இருக்காது என்று அப்பா கேலி செய்வார். மேல்வீட்டு அம்மா தன் மொழியையே மறந்து, அம்மாவின் உடைந்த ஜெர்மனில்தான் பேசப் பழகியிருந்தார். ஆனாலும் அவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். என்னிடம் அவர் சொன்னதெல்லாம், தான் சிறுமியாக இருந்தபோது தாயும் தம்பியும் தீயில் எரிந்துபோனார்கள் என்பது மட்டும்தான். யாரோ அடுப்பை அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முழுக்கதையும் தெரியும். போர் நடந்த காலத்தில் ஓர் இரவு விமானங்கள் வந்து இந்தத் தெருக்களை எரித்ததும், இறந்தவர்களை ஒரே குழியில் போட்டு எல்லோருக்குமாக ஒரே கல்லை நட்டதும் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் அக்காவும் ஊரில் பொம்பர் குண்டு போட்ட நாளில் வீட்டோடு போனவர். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு.

தனக்கென்று தனியாக ஒரு கல் வேண்டும், அதில் இந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பது மேல்வீட்டு அம்மாவின் ஒரே ஆசையாக இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் தன்னோடு பெயர் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கல்லிலாவது கிடக்கட்டும் என்பார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மாரிகாலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காசு பணம் எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பா ஒரு இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். கல் வைத்து அடக்கம் செய்யும் வசதி எங்களிடமும் இல்லை. நகரசபையில் போய்க் கேட்டதற்கு, சொந்தக்காரர் எவராவது சில நாட்களுக்குள் வந்து பொறுப்பெடுக்க வேண்டும், இல்லையென்றால் நகரமே எரித்து, சாம்பலைப் பெயரில்லாத புல்வெளிக்குள் வைத்துவிடும் என்று சொன்னார்கள். கல் கிடையாது. யார் எந்த இடத்தில் என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம்.

அம்மா அன்று சமைக்கவில்லை. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து யோசித்தார்.

"இங்கிலாந்தில ஒரு கார்ன்பிளேக்கராவது இருக்கும். கண்டுபிடிச்சுச் சொன்னால் ஓடி வருவினம்," என்றார்.

எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டு பேருக்குப் பின்பெயர் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகள். ஜெர்மன்காரரின் பெயர் பல தலைமுறை தாண்டி வரும் என்பது அப்பாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் மனம் ஊர்க் கணக்கையே போட்டது. இங்கிலாந்தில் அந்தப் பெயரோடு இருக்கும் எவரும் மேல்வீட்டு அம்மாவின் கூடப்பிறந்தவர் மாதிரி என்று முடிவுகட்டி, லண்டனிலிருந்த மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அகதி வழக்கு முடியாததால் இங்கிலாந்தை விட்டு வெளியே வர முடியாதவர். வாய்க்கு மட்டும் எல்லை இல்லை. லண்டன் தொலைபேசிப் புத்தகத்தில் கார்ன்பிளேக்கர் என்று ஒருவர்கூட இல்லாததைக் கண்டு, கிட்டத்தட்ட அதே சத்தம் வரும் பெயர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். ஜெர்மனியில் உங்கள் சகோதரி இறந்து கிடக்கிறார், நீங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு மனிதரை அதட்டி, பொலிசைக் கூப்பிடுவேன் என்று அவர் மிரட்ட, போனை வைத்துவிட்டாராம். லெஸ்டரில் ஒரு நண்பர், பர்மிங்காமில் ஒரு நண்பர் என்று ஆள்விட்டுப் பார்த்தும் எங்கும் அந்தப் பெயர் அகப்படவில்லை. மேல்வீட்டு அம்மா சொன்னதுதான் சரி போலிருந்தது.

அதற்குப் பிறகு அப்பா செய்த காரியத்தை வேறு எந்த நாட்டவரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் இறந்தால் செய்வது போலவே, லண்டன் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் கொடுத்தார். மாமா அதைத் தொலைபேசி வழியாக எங்களுக்குக் கேட்கப் பிடித்தார். சோகமான நாதஸ்வரம் முடிந்ததும் ஒரு பெண்குரல் தழுதழுத்து வாசித்தது: "ஜெர்மனி வுப்பர்டாலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி கார்ன்பிளேக்கர் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார் பிரித்தானியா வாழ் கார்ன்பிளேக்கர் குடும்பத்தினரின் பாசமிகு சகோதரியுமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்: கீழ்வீட்டார்."

கல்யாணமே கட்டாதவரைத் திருமதி ஆக்கிவிட்டார்களே என்று அம்மா கவலைப்பட்டார். தமிழ் வானொலியை எந்த கார்ன்பிளேக்கர் கேட்கப்போகிறார் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள், அறிவித்தலில் கொடுத்திருந்த எங்கள் எண்ணுக்கு, பிராட்ஃபோர்ட் என்ற ஊரிலிருந்து ஒருவர் பேசினார். அங்கே சின்னக் கடை வைத்திருப்பவர், எங்கள் ஆள்.

"அண்ணை, இந்தப் பேரில ஒரு கிழவர் என்ர கடைக்குப் பேப்பர் எடுக்க வாறவர். ஆளை மறிச்சு வச்சிருக்கிறன். கதைக்கிறீங்களோ?"

அப்பாவின் ஊர் ஆங்கிலத்தை ஜெர்மன் எப்போதோ விழுங்கிவிட்டிருந்தது. பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்த என் கையில் தொலைபேசியைத் தந்தார். யார் இறந்தது, எந்த நகரம் என்று நான் சொன்னேன். நகரத்தின் பெயரைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். வருகிறேன் என்றார்.

வந்தவருக்கு எண்பது வயது இருக்கும். நெடிய மனிதர், கையில் தடி. அவரே எல்லாப் பத்திரங்களிலும் ஒப்பமிட்டு, அடக்கத்துக்கும் கல்லுக்கும் ஏற்பாடு செய்தார். அப்பா சொன்னது பலித்துவிட்டது. அவர் நின்ற இரண்டு நாளும் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

மயானம் மலைச்சரிவில் இருந்தது. மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. உரித்துக்காரர் நீங்கள்தான் என்று அவரை அப்பா முன்னால் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் அரிசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பெட்டியின் மேல் அரிசியைப் போட்டார். பிறகு அழத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அழுகை இல்லை. தோள் குலுங்கி, நிற்க முடியாமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை. ஒருநாளும் பார்த்திராத ஒருத்திக்காக இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ரத்தம் எண்டால் அப்பிடித்தான், பிள்ளை," என்று அப்பா என் காதுக்குள் சொன்னார்.

அடக்கம் முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. அவர் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே பெயரின் கதையைச் சொல்ல, நான் தமிழ்ப்படுத்தினேன். நூல் விற்கப் போனவர் அவருடைய தாத்தா. பிராட்ஃபோர்டில் அவருடைய வம்சம் நன்றாகப் பெருகியதாம். முதலாவது உலகப்போர் வந்ததும் ஜெர்மன் பெயருள்ள கடைகளின் கண்ணாடிகளை அயலவர்களே கல்லெறிந்து உடைத்தார்களாம். ஒரு சித்தப்பா பேக்கர் என்று பெயரை மாற்றிக்கொண்டார், இன்னொருவர் கார்ட்னர் ஆனார். அவருடைய தகப்பன் மட்டும் பிடிவாதமாகப் பெயரை மாற்றவில்லை. இப்போது இங்கிலாந்து முழுவதிலும் அந்தப் பெயர் இருப்பது ஒரு ஊரில், ஒரு தெருவில், ஒரு கதவில். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் ஒருவர்தான்.

"பாவம் மனிசன்," என்றார் அப்பா.

பெரியவர் தட்டைப் பார்த்தபடி என்னிடம் இன்னொன்றும் சொன்னார். இருபது வயதில் தான் இந்த நகரத்துக்கு மேலே வந்திருக்கிறாராம். விமானத்தில், இரவில். இறங்கவில்லையாம். நகரத்தின் பெயரைத் தாத்தா சொல்லி முன்பே கேள்விப்பட்டிருந்தாராம். நான் அதை அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரில் பொம்பர் பறப்பதற்கு முன்பே வெளியேறியவர். அவருக்கு விமானம் என்றால் ஏஜென்சிக்காரன், விசா, ட்ரான்சிட்.

"ஓம், இறங்க விட்டிருக்க மாட்டாங்கள்," என்று தலையாட்டினார். "மொஸ்கோவில என்னையும் உள்ளுக்க விடேல்லை. ஆனால் அப்பவே எப்பிடியும் இறங்கி மனிசியை ஒருக்காப் பாத்திருக்கலாம் எண்டு சொல்லு. சொந்தம் விட்டுப்போயிருக்காது."

ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னதில் எனக்கு மெத்தப் பெருமை. பெரியவர் கரண்டியை வைத்துவிட்டார். அந்த இரவில் மேல்வீட்டு அம்மா இங்கேதான் இருந்தாரா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ரசச் சட்டியோடு பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னவாம்?"

"அவர் பிளேனில வந்த அண்டைக்கு மேல்வீட்டு அம்மா இங்கதான் இருந்தவவோ எண்டு கேக்கிறார்."

"எத்தினை வயசிலயாம் வந்தவர்?"

"இருபது. ராத்திரியாம்."

அம்மா சட்டியை மேசையில் வைத்தார். அவருடைய முகம் எனக்குப் பயமாக இருந்தது. ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்து போனைக் கீழே வைக்கும்போதுதான் அந்த முகத்தைக் கண்டிருக்கிறேன். பெரியவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது எண்டு சொல்லு."

"உங்களுக்குத்தானே எல்லாம் சொன்னவ..."

"தெரியாது எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அவர் நன்றி என்றார், என்னிடம் இல்லை, அம்மாவிடம். அம்மா அவருடைய தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தார். அவர் அதையும் மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

எங்கள் நகரத்தை எரித்த விமானங்கள் எங்கிருந்து வந்தன என்பதை இரண்டு வருடம் கழித்து வரலாற்று வகுப்பில் படித்தேன். ஆசிரியர் படம் காட்டிக்கொண்டிருந்தபோது, நான் கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்து போய், அங்கே வெகுநேரம் நின்றேன். அப்பாவின் வார்த்தையை அந்த மனிதருக்கு மொழிபெயர்த்த என் குரல் காதுக்குள் கேட்டபடி இருந்தது.

அடக்கம் நடந்த அன்று இது எதுவும் தெரியாது. பெரியவர் போன பிறகு, பின்னேரம், அம்மா சட்டிகள் கழுவ நான் துடைத்துக்கொண்டிருந்தேன். செத்தவீட்டு நாளில் பொய் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. ஏன் அவருக்குப் பொய் சொன்னீங்கள் என்று கேட்டேன். அம்மா தண்ணீரை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார்.

"கேக்கவாவது ஒரு ஆள் வந்திருக்கு," என்றார். "எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வராத கிழமையே இல்லை. போன சனிக்கிழமைகூட டோர்ட்முண்டிலிருந்து ஒரு வான் நிறைய வந்திருந்தார்கள். அதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்திவிட்டு, அடுத்த தட்டைத் துடைக்க எடுத்தேன்.