மாமியின் படத்தில் இருந்த பனி

நியூசிலாந்துக்குப் பனியாறு பார்க்கப் புறப்பட்டபோது, ரோவில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் எங்களுடன் இருக்கும் கணவரின் அம்மா, மாமி, தான் அங்கே எடுத்த பழைய படத்தைக் காட்டினார். "நாங்கள் ஐஸைத் தொட்டனாங்கள். நீங்களும் தொட்டுப்போட்டு வாங்கோ." மாமி நின்ற இடத்தை வரைபடத்தில் தேடிக் குறித்து, என் பயணப் பட்டியலில் முதலாவதாக எழுதினேன்.

போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் கல்லும் கலங்கிய நீரும்தான். பனி தொலைவில் இருந்தது. குறுக்கே ஒரு கயிறு. அதைத் தாண்டக் கூடாது என்றார் காவலர். எல்லாரையும் காசு வாங்கிக்கொண்டு பனிக்குமேல் ஹெலிகொப்டரில் ஏற்றுவதற்காகவே வழியை மறிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவர் அப்பால் போனதும் கயிற்றைத் தூக்கினேன்.

கணவர் கஜன் கையைப் பிடித்தார். "அம்மா தொட்டது பத்து வருசத்துக்கு முந்தியப்பா."

"விடுங்கோ, ரெண்டு நிமிசம்."

நாங்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பனியின் முகப்பு இடிந்து விழுந்தது. நான் நடக்கவிருந்த கற்களை நீர் மூடிக்கொண்டு போனது.

இப்போது பட்டியலில் ஒவ்வொரு தகவலுக்கும் அருகே அது எந்த ஆண்டுச் செய்தி என்று எழுதுகிறேன். போகும் இடத்தில் நிற்பவரிடமும் இப்போதைய நிலையைக் கேட்கிறேன். சமைக்கும் குசினியில் ஒட்டியிருக்கும் மாமியின் படத்துக்குக் கீழேயும் ஆண்டை எழுதிவிட்டேன்.