நுவே யின் வீட்டு ஏழாம் நாள்

பானையில் வெந்த முதல் அகப்பைச் சோறு நுவே யின் வீட்டில் யாருடைய வாய்க்கும் போனதில்லை. அது பிக்குகளுக்கு. நுவே யின் அவித்த பட்டாணியைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் விடியும்போது தெருவில் காவி வரிசை வரும், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பாள், ஒவ்வொரு திருவோட்டிலும் ஒரு கை சோறு விழும். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

கணவர் லூ காலே ஐராவதி ஆற்றில் சம்பான் படகு தள்ளியவர். ஒரே மகன் மின் தெட் பட்டாளத்தில் இருந்தான். ஆசைப்பட்டுச் சேர்ந்தானா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பசித்த பிள்ளைக்கு இரண்டே கதவுகள், ஒன்று மடம், மற்றது முகாம். மடத்தில் மத்தியானத்துக்கு மேல் சோறு கிடையாது என்று அவன் முகாமுக்குப் போனான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அரசாங்கம் ஒரே ராத்திரியில் பெட்ரோல், டீசல் விலையை ஏற்றியது. பஸ் கட்டணம் ஏறியது, அரிசி ஏறியது. வாயைத் திறந்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜனங்களுக்காகப் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். கையில் கல்லா, கம்பா? அன்பு சூத்திரத்தை ஓதிக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான். மேலாற்றங்கரை ஊர் ஒன்றில் ராணுவம் அவர்களைக் கம்பத்தில் கட்டி அடித்தது. மன்னிப்புக் கேளுங்கள் என்று பிக்குகள் கெடு வைத்தார்கள். கேட்பார்களா அந்தத் தடியர்கள்?

அப்போதுதான் திருவோடுகள் கவிழ்ந்தன. ராணுவத்தார் கையிலிருந்தும் அவர்கள் வீட்டிலிருந்தும் ஒரு பருக்கை வாங்குவதில்லை என்று அர்த்தம். கொடுப்பதற்கு வழியில்லாமல் போனால் எங்களுக்கு இந்தப் பிறவியில் புண்ணியமில்லை, அடுத்ததில் கதியில்லை.

மறுநாள் காலை நுவே யின் வழக்கம்போல நின்றாள். வரிசையின் முன்னால் வந்த பெரிய பிக்கு அவளைப் பார்த்தார். திருவோட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. எதிர்வீட்டு ஓன் மேயின் சோற்றை வாங்கிக்கொண்டார்கள். நுவே யின் கையில் எடுத்த சோறு ஆறும்வரை அங்கேயே நின்றாள். 

ஏற்கெனவே ஈரலில் நோய் கண்டு படுத்திருந்த லூ காலே அந்த வாரமே கண்ணை மூடினார். வழக்கப்படி வாயில் ஒரு காசு வைத்தார்கள், மறு உலகத்து ஓடக்காரனுக்குக் கூலி. ஆயுசு முழுக்க அடுத்தவனை அக்கரை சேர்த்த மனுஷனுக்கே ஓடக்கூலியா என்று ஓன் மே சொன்னபோது, அழுதுகொண்டிருந்த நுவே யின்னுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கூலி கொடுத்தால் மட்டும் போதாது. ஏழாம் நாள் பிக்குகள் வீட்டுக்கு வந்து உண்டு, ஓதி, புண்ணியத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால்தான் போன உயிர் வீட்டை விட்டுப் புறப்படும். அதுவரை அது பாயைச் சுற்றித் தவிக்கும். அவர் பாயை விரித்தபடியே விட்டு, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவிட்டு, நுவே யின் மடத்துக்கு ஓடினாள்.

"சாமி, பட்டாளத்துல இருக்கறது பையன்தான். அவரு படகு தள்ளினவரு. அவரு என்ன பாவம் பண்ணாரு?"

 பெரிய பிக்கு லூ காலேயின் சம்பானில் எத்தனையோ முறை ஆற்றைக் கடந்தவர்.

"உன் சோத்து மேல எனக்கு என்னம்மா கோபம்? உன் பையனை வரச்சொல்லு. இந்த மண்டபத்துல விழுந்து, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே திருவோட்டை நிமித்தறேன். ஏழாம் நாளுக்கு நானே வரேன்."

ஒரு வார்த்தைதானே என்று அவள் முகாம் வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, உனக்குப் பைத்தியமா?" என்றான் மின் தெட், குரலை அடக்கி. "நான் மடத்துப் படி ஏறினேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

"உன் அப்பாடா. வீட்டுக்குள்ள தவிச்சிக்கிட்டு இருக்காரு."

அவன் தரையைப் பார்த்தான். "ஏழாம் நாளுக்கு அஞ்சு பிக்கு வருவாங்க. அது என் பொறுப்பு. நீ சோத்தை மட்டும் ஆக்கு."

அதற்குள் ஒரு விடியலில் வரிசையே வரவில்லை. ராத்திரி மடத்துக்குப் பட்டாள லாரிகள் வந்தனவாம். ஓன் மே போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "படியெல்லாம் ரத்தம்டி. செருப்புங்க மட்டும் கெடக்குது. பெரியவரை இழுத்துப் போட்டு மிதிச்சாங்களாம்." அவர் எங்கே என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிச்சலில்லை. எனக்கும்தான்.

ஏழாம் நாள் மின் தெட் சொன்னபடி காவி உடுத்திய ஐந்து பேரைக் கூட்டிவந்தான். வேனிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்தபடி வந்து, அவர்களுக்கென்று விரித்திருந்த வேறு பாயில் உட்கார்ந்தார்கள். எங்கிருந்து, எந்த மடம் என்று நுவே யின் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு மனசில்லை. கோழிக் குழம்பும் கத்தரிக்காயும் சோறுமாகப் பரப்பிவிட்டு, முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

ஓரத்தில் இருந்த இளைஞன் பதறிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். நரைத்த தலை தன் காலடியில் தாழ்வது பொறுக்காமல், இரண்டு கையையும் கூப்பி அவளைத் திருப்பி வணங்கிவிட்டான்.

நெற்றியை நிமிர்த்தியவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிக்கு யாரையாவது கைகூப்புவாரா? பெற்ற தாய் விழுந்தாலும் உட்கார்ந்தபடி இருப்பார். எந்தத் தாயோ இவனை மரியாதையாக வளர்த்திருக்கிறாள். அந்த வளர்ப்பே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பட்டாளத்துல எந்தக் கம்பெனிப்பா நீ?" என்றாள் நுவே யின். அவன் மின் தெட்டைப் பார்த்தான்.

"அம்மா, உன் மனசு ஆறட்டும்னுதான்..." என்று இழுத்தான் மகன்.

"இந்தக் காவிச் சீவரம் யாரோடது?"

 இளைஞனின் தோளருகே துணியில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை இருந்தது. லாரிகள் வந்த ராத்திரி தன் பிள்ளை எங்கே இருந்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. 

"அதையெல்லாம் கழட்டி வெச்சிட்டுச் சாப்பிடுங்கப்பா. பசியோட யாரும் போக வேணாம்" என்றாள். ஐந்து பேரும் ஒரு பருக்கை தொடாமல், சீவரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு வேனுக்கு ஓடினார்கள்.

மின் தெட் மட்டும் நின்றான். "எனக்காவது ஒரு வாய் போடும்மா."

நுவே யின் சோற்றுப் பானையை எடுத்தாள். பெற்ற மகன் முன்னால் அதைக் கவிழ்த்து வைத்தாள். "தப்புன்னு அந்த ஒரு வார்த்தையைப் பெரிய சாமிகிட்ட போய்ச் சொல்லுடா. அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

அவன் போனபின் ஐந்து சீவரங்களையும் மடித்துப் புத்தர் மாடத்தின் கீழே வைத்தாள். பிறகு கணவரின் பாயருகே உட்கார்ந்து, குவளையில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். இந்த நேரத்தில் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும், அதுதான் முறை.

"இன்னிக்குப் போக வேணாங்க" என்றாள். "சாமிங்க வரட்டும். அதுவரைக்கும் இங்கேயே இருங்க."