முதலில் வந்த பை

தராசுக்காரரின் பை அவருக்கு முன்னால் வந்துவிடும். தீவைச் சுற்றிப் போகும் சாலையில் ஊர் ஊராக இறங்கிக் கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. ஊர் உலகத்துக்கெல்லாம் எடை சரிபார்க்கிற மனிதருக்குத் தன் உடம்பில் எடையே கிடையாது. "காத்தடிச்சா கடலுக்குள்ள போயிடுவீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். "அங்கயும் மீன் எடை போடத் தராசு வேணும்ல" என்பார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவியும் மாதங்களில், என் லாட்ஜ் போன்ற மலிவான இடங்களில் மதியத்துக்குள் கட்டில்கள் நிறைந்துவிடும். அதனால் அவர் தன் துணிமணிப் பையை மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நான் அதை ஜன்னலோரக் கட்டிலில் வைத்துவிட்டு, பதிவேட்டில் 'வந்தார்' என்று எழுதிவிடுவேன். அவர் மலைமேல் இருக்கும் கடைகளில் வேலையை முடித்துக்கொண்டு, குறுக்குப்பாதையில் நடந்து, பொழுது சாய்வதற்குள் வந்து சேருவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. பை வந்தால் ஆள் வந்த மாதிரிதான்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. லாட்ஜுக்குப் பின்னால் ஓடும் ஓடை மூன்று நாளாகச் செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. வாயாடிக் கண்டக்டர்கூட அன்று பையைச் சிரிக்காமல் நீட்டினார்.

"மேல மண்ணு இளகிக் கெடக்கு. அந்தாளு குறுக்கால வராம இருந்தா சரி."

"அவருக்குத் தெரியாத பாதையா?" என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு.

நனைந்த பையைக் கட்டிலில் வைத்தேன். எழுத வேண்டியதை எழுதினேன். அதற்குள் ஒரு கூட்டமே சொட்டச் சொட்ட வந்து நின்றது. அப்புறம் மூச்சுவிட நேரமில்லை.

ஐந்தரை மணிக்கு அவர் மனைவி போன் செய்தாள். அதுவரை அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, அவரு வந்துட்டாரா? போன் எடுக்க மாட்டேங்குறாரு. மனசு என்னமோ மாதிரி இருக்கு. என் தம்பி ஜீப்போட நிக்கிறான். வரலைன்னா மேல போய்ப் பாக்கச் சொல்றேன்."

பதிவேட்டைத் திருப்பினேன். என் கையெழுத்துதான். 'வந்தார்.'

"வந்துட்டாரு தங்கச்சி. டீ குடிக்கப் போயிருப்பாரு. இந்த மழையில எதுக்குத் தம்பிய அலைய விடுற?"

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நீங்க சொன்னா சரிதாண்ணே."

காலையில் அறைகளைப் பெருக்கப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் போர்வை மடித்தபடியே இருந்தது. பை வைத்த இடத்தில், பூட்டிய வாரோடு, அப்படியே இருந்தது. கட்டியிருந்த லுங்கியோடு குறுக்குப்பாதைக்கு ஓடினேன். பாதி வழியில் மண் சரிந்து கிடந்தது.

மண்வெட்டியோடு வந்த ஆட்கள் ஒன்பது மணிக்கு அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கால் பாறைக்கு அடியில் சிக்கியிருந்தது. மற்றபடி உடம்பில் பெரிய காயம் இல்லை. உயிர் விடியற்காலையில்தான் போயிருக்கிறது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அவள் பையை வாங்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நீங்க அவரப் பாத்தீங்களா, பையப் பாத்தீங்களா?"



"பையத்தான்" என்றேன்.

அவள் தம்பி ஜீப் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.