சல்லடை எல்லாப் பெயரையும் மாற்றிய நாள்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. தரவுத்தள மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவள், நிரலிலும் கைவைக்கத் தெரிந்தவள். சின்னப் பிசகுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்த மென்பொருளின் செட்டிங்குகளுக்கு ஆளாளுக்கு மனம்போன போக்கில் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று முழுக்கப் பெரிய எழுத்து, இன்னொன்று முழுக்கச் சிறிய எழுத்து, சிலவற்றில் நடுவே கோடு வேறு. பயன்படுத்துகிறவர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் மென்பொருள் வாயே திறக்காது. அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஓடும்.

அதில் அடிபட்டவர் அவள் கணவர். நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்; அங்கேயும் இதே மென்பொருள்தான். தினமும் தரவுக்கு நகல், அதாவது பேக்கப், எடுக்கச் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். அது சிறிய எழுத்தைத்தான் கேட்குமாம். கணினி படுத்த அன்றுதான் பேக்கப்பே இல்லை என்று தெரிந்தது. பழி முழுக்க அவர் தலையில். மனிதர் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்ததைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

எல்லாப் பெயரையும் ஒரே மாதிரி ஆக்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் குழுத்தலைவி இறங்கிவந்தாள்.

"சரிக்கா, மாத்துங்க. ஆனா பழைய பேரை எழுதி வெச்சிருக்கிறவங்களுக்கும் ஓடணும். சாயங்காலம் புதுப் பதிப்பு வெளியே போகுது. சோதனையில ஒண்ணு தோத்துச் சிவப்பு காட்டினாலும் இது அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷமா! அதற்குள் இன்னும் எத்தனை பேர் முகம் தொங்குவது? வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாப் பெயரும் சிறிய எழுத்தாயிற்று. தெரியாத பெயர் வந்தால் மென்பொருள் வாய்திறந்து கேட்கவும் ஏற்பாடு செய்தாள். சோதனை ஓடியது. பச்சை, பச்சை, பச்சை! அப்புறம் வரிசையாகச் சிவப்பு. பழைய பெயர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

எங்கே பிசகு என்று தேடினாள். பழைய பெயர் வந்தால் இன்ன புதுப் பெயராக எடுத்துக்கொள் என்று சொல்கிற கோப்பு ஒன்று உண்டு. மொத்தமாக மாற்றிய வேகத்தில் அதிலிருந்த பழைய பெயர்களையும் மாற்றித் தொலைத்திருந்தாள். அலங்கோலமாகவே இருக்கவேண்டிய ஒரே இடம் அது. அதையும் அம்மணி விட்டுவைக்கவில்லை.

"அக்கா, விட்டா எங்க பேரையெல்லாம்கூட மாத்திருவீங்க போல!" குழுத்தலைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, நேரமாகுது!"

இத்தனை நாள் கரித்துக்கொட்டிய பெயர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். மறுபடி ஓட்டினாள். எல்லாம் பச்சை! அவள் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் முட்டியது. சந்தோஷத்தில் குழுத்தலைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நூலகத்திலிருந்து கணவர் போன் செய்தார்.

"ஏம்மா, உங்க புதுப் பதிப்பு என்னைத் திட்டுது! பேக்கப் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டேன். 'இது எனக்குத் தெரியாது, நீங்க சொல்றது இதுவா'ன்னு கேக்குது!"

"நல்லாத் திட்டட்டும்ங்க. திருத்திட்டீங்களா?"

"திருத்தி, பேக்கப்பும் எடுத்துட்டேன். திறந்தும் பாத்துட்டேன். எல்லாம் இருக்கு."